வாசகர் கேள்வி பதில்: ஜீலம் நதியின் படகு வீடுகள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஸ்ரீநகர் படகு வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் மின்னஞ்சல்களிலும் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்டவைதான். அதனால் இந்த இதழ் முழுவதும் ஹவுஸ்போட் கேள்விகளுக்கே. மற்ற கேள்விகள் அடுத்த மாதம்.

காஷ்மீரில் வெள்ளைக்காரர்களுக்கு நிலம் விற்கக் கூடாது என்று மகாராஜா சொல்லிவிட்டதால் அவர்கள் தண்ணீரில் வீடு கட்டிக்கொண்டார்கள், அதுதான் ஹவுஸ்போட் என்று எங்கள் சுற்றுலா வழிகாட்டி சொன்னார். உண்மையா?
*– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்*

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1846 மார்ச் 16 அன்று கையெழுத்தான அமிர்தசரஸ் உடன்படிக்கையில் ஆங்கிலேயர்கள் காஷ்மீரை ஜம்முவின் குலாப் சிங்கிடம் 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் அது டோக்ரா மன்னர்களின் சமஸ்தானம். அந்தக் காலத்தில் வெளியார் யாரும் அங்கே நிலம் வாங்க முடியாது, எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் சரி. பின்னாளில் 1927ல் மகாராஜா ஹரி சிங்கின் ஆணை இதை எழுத்திலேயே வைத்துவிட்டது. கோடையில் பஞ்சாபின் வெயிலுக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர்களுக்கு ஸ்ரீநகரின் முன்ஷி பாக் பகுதியில் அரசு கட்டிய சில பங்களாக்கள் இருந்தன. அது போதவில்லை, மீதிப் பேர் கூடாரம் அடித்தார்கள், அல்லது படகில் தங்கினார்கள்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது, படகுக்காரர்களே இதில் இல்லை என்பதுதான். துரைமார் வந்து தண்ணீரில் வாழக் கற்றுக்கொண்டது போலவும், அதற்கு முன் ஜீலம் வெறும் ஆறாக ஓடியது போலவும் சொல்கிறார்கள். ஹாஞ்சிகள் என்ற படகுச் சமூகம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரிலேயே பிறந்து, சமைத்து, பிள்ளை வளர்த்து வாழ்ந்துகொண்டிருந்தது. அக்பர் 1589ல் முதன்முறை காஷ்மீர் போனபோது அந்த நாட்டில் 30,000 படகுகளுக்கு மேல் இருந்தன, ஆனால் பேரரசருக்கு ஏற்றதாக ஒன்றும் இல்லை என்று நதி மாளிகைகளைப் புதிதாகக் கட்டினார்கள் என்று அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கட்டும், வாழ்க்கையே படகில்தான் ஓடியது என்பது தெளிவு. துரைமார் முதலில் வாடகைக்கு எடுத்ததும் ஹாஞ்சிகளின் டூங்காவைத்தான். நீளமான தட்டை அடிப் படகு, சாய்வான பாய்க்கூரை, பக்கவாட்டிலும் பாய்த் திரை, பின்பக்கம் படகுக்காரர் குடும்பம், முன்பக்கம் பயணி. இன்று நாம் பார்க்கும் ஹவுஸ்போட் அந்த டூங்காவின் பேரப்பிள்ளை. நிலத் தடை அதைப் பெருக வைத்தது, அவ்வளவுதான்.

தால் ஏரியில் அசையாமல் நிற்கும் படகுக்கும் ஆற்றுப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் “நதிப் பயணிகளின் விடுதி” என்று எழுதியிருந்தீர்களே?
*– தஞ்சாவூர் வாசகி*

இந்தக் கேள்விக்கு நன்றி. ஏனென்றால் ஆற்றை விட்டுவிட்டால் ஹவுஸ்போட்டின் கதையே புரியாது.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் நெடுஞ்சாலை என்றால் அது ஜீலம்தான். தெற்கே கானபலிலிருந்து வடமேற்கே பாரமுல்லா வரை சுமார் 160 கிலோமீட்டருக்குப் படகு போகும். வண்டி ஓடும் சாலை உள்ளே இல்லை. ராவல்பிண்டியில் ரயிலை விட்டு இறங்குகிறவர் முர்ரி மலையேறி, ஜீலத்தின் பள்ளத்தாக்கு வழியாகக் குதிரையிலும் டோங்கா என்ற குதிரை வண்டியிலும் பாரமுல்லா வரை வருவார். 1890 வாக்கில் பாரமுல்லா வரை வண்டிச் சாலை வந்துவிட்டது. பாரமுல்லாவில் பேரம் பேசி டூங்கா பிடிப்பார். அங்கிருந்து ஸ்ரீநகர் வரை எதிர்நீரில் பயணம். ஆற்றங்கரையில் படகுக்காரரும், அவர் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு படகை இழுத்து நடப்பார்கள். பயணி உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், ராத்திரி அதே படகில் தூங்குவார், அடுத்த நாள் மறுபடி இழுவை. இது விடுதியும் வண்டியும் சேர்ந்த ஒன்று.

வழியில் வூலர் ஏரி. பார்க்க அமைதியாக இருக்கும், மத்தியானத்துக்குமேல் மலையிலிருந்து காற்று இறங்கினால் தட்டை அடிப் படகுகள் தாங்காது. அதனால் ஹாஞ்சிகள் அதிகாலையிலேயே கடந்துவிடப் பார்ப்பார்கள், அல்லது ஏரியின் ஓரத்தைச் சுற்றிப்போகும் நோரு கால்வாயில் நுழைந்துவிடுவார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் இந்த ஏரிக்குள் ஜைனா லங்க் என்று ஒரு செயற்கைத் தீவையே எழுப்பினார், புயலில் மாட்டும் படகுகள் ஒதுங்குவதற்காக. அந்த மேடு இன்றும் இருக்கிறது.

ஸ்ரீநகர் வந்து சேர்ந்தபின்னும் பயணி இறங்க வேண்டியதில்லை. நகரமே ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடந்தது, அமீரா கதல் தொடங்கி சஃபா கதல் வரை ஏழு மரப்பாலங்கள். பாலங்களுக்கு அடியில் புகுந்து வந்து, பண்ட் என்கிற ஆற்றுக் கரையோரத்திலோ சினார் பாக் கால்வாயிலோ படகைக் கட்டிப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் அங்கேயே குடியிருப்பார். கல்யாணமாகாத ஆண்கள் சினார் பாக்கில்தான் தங்க வேண்டும், குடும்பஸ்தர்கள் முன்ஷி பாக் பக்கம் என்று ஒரு வழக்கம் இருந்தது. நம் ஊர் மேன்ஷன்களின் சட்டதிட்டம் அங்கே தண்ணீரிலும் இருந்திருக்கிறது பாருங்கள்! அலுத்துவிட்டால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவந்திபுரம், பிஜ்பிஹாரா என்று மேலே கானபல் வரை போகலாம்.

1897ல் வண்டிச் சாலை ஸ்ரீநகரையே தொட்டுவிட்டது. அப்புறம் மோட்டார் வந்தது. ஆற்றில் மூன்று நாள் போக யாருக்குப் பொறுமை இருக்கும்? இழுத்துப் போக வேண்டிய தேவை போனதும் படகு பெருத்தது. கனமான மரச்சுவர், கூடுதல் அறை, மேலே மொட்டைமாடி. நகரத் தேவையில்லாத படகு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா. நிற்பதுதான் வேலை என்றான பிறகு ஆற்றைவிட ஏரி வசதி: வெள்ளம் அடித்துப் போகும் பயம் குறைவு, எதிரே ஜபர்வான் மலை. இப்படித்தான் தால், நகீன் ஏரிகளில் ஹவுஸ்போட் வரிசைகள் வந்தன. ஜீலத்தின் கரையில் இன்றும் சில படகுகள் உண்டு, வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் மழையில்லாத குளிர்காலங்களில் ஆறு வற்றி, அவை சேற்றில் தரைதட்டிச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கிறோம்.

முதல் ஹவுஸ்போட்டைக் கட்டியவர் யார்? வினாடி வினாவுக்குத் தேவை!
*– சேலம், பள்ளி ஆசிரியர்*

வினாடி வினாவில் ஒரே பதில்தான் வேண்டும், இங்கே இரண்டு பெயர் இருக்கிறது. கென்னார்ட் என்ற ஆங்கிலேயர் 1880களில் டூங்காவின் உடல்மேல் பாய்க்கூரைக்குப் பதில் மரச்சுவரும் அறைகளும் வைத்துக் கட்டினார் என்பது ஆங்கிலேயர் தரப்பு. நாராயண்தாஸ் என்ற காஷ்மீரிப் பண்டிதரின் கடை தீயில் எரிந்துபோக, அவர் கடையையே படகுக்கு மாற்றினார், அதற்குப் பலகைச் சுவர் வைத்தார், அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஒரு ஆங்கிலேயர் விலைக்குக் கேட்க, இவர் படகு கட்டி விற்பதையே தொழிலாக்கினார் என்பது ஸ்ரீநகர்க்காரர்கள் சொல்வது. “நாவ் நாராயண்” என்றே அவருக்குப் பட்டப்பெயர். நான் வினா தயாரித்தால் “எந்தப் பத்தாண்டில்” என்று கேட்பேன், 1880கள் என்ற விடையில் சண்டை வராது. அப்புறம் ஒன்று: யார் வரைந்து கொடுத்தாலும், தேவதாரு மரத்தை அறுத்து இழைத்துப் படகாக்கியது உள்ளூர்த் தச்சர்கள்தான். அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

உள்ளே எப்படி இருக்கும்? போட்டோவில் அரண்மனை மாதிரி தெரிகிறதே, தண்ணீரில் அத்தனை கனம் எப்படி மிதக்கிறது?
*– திருப்பூரிலிருந்து ஒரு வாசகி*

தண்ணீருக்கு அடியில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன், மேலே இருப்பது கண்ணுக்கே தெரியும். அடிப்பாகம் தட்டையான, நீண்ட தேவதாருப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 80 முதல் 125 அடி வரை போகும், அகலம் 10 முதல் 20 அடி. அகலமும் தட்டை அடியும் சேர்ந்து சுமையைப் பரப்பிவிடுவதால் சிறிதளவு ஆழத்திலேயே நிற்கிறது. தேவதாருவில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, சீக்கிரம் உளுக்காது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பலகைகூடத் தாக்குப்பிடிக்கும். நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற நீர்மட்டக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். அதனால் தினமும் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் எவ்வளவு தண்ணீர் கசிந்திருக்கிறது என்று பார்த்து இறைத்துவிடுவார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது விடிகாலையில் தொம் தொம் என்று பின்பக்கம் கேட்கும் சத்தம் பெரும்பாலும் அதுதான். குளிர்காலத்தில் இன்னொரு வேலை: கூரையில் பனி சேர விடக்கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக இரண்டடி பனி விழுந்தால் அந்தப் பாரத்தில் பழைய படகு ஒருபக்கமாக அமிழ்ந்துவிடும், ஆகவே கொட்டும்போதே ஏறித் தள்ள வேண்டும். வழுக்கும் சாய்ந்த கூரையில், உறைகிற ஏரிக்கு மேல், மண்வாரியோடு நிற்கிறவரை ஒருமுறை பார்த்தால் வாடகையில் பேரம் பேச மனம் வராது.

மேலே ஏறினால் முதலில் திண்ணை. செதுக்கிய மரக் கைப்பிடி, இரண்டு பக்கமும் சாய்மெத்தை, காலைத் தொங்கப் போட்டால் தண்ணீர். அடுத்து வரவேற்பறை, சாப்பாட்டு அறை, சின்னதாக ஒரு பண்டகசாலை, பிறகு ஒரு பக்கம் நடைபாதையும் மறுபக்கம் வரிசையாகப் படுக்கையறைகளும். தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். சின்னச் சின்ன மரத்துண்டுகளை நட்சத்திரமும் அறுகோணமுமாக வெட்டி, ஆணியே இல்லாமல் ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றைச் செருகியிருப்பார்கள். கதம்பந்த் என்பார்கள். ஒரு துண்டு உலர்ந்து சுருங்கினாலும் பக்கத்துத் துண்டு பிடித்துக்கொள்ளும், அதனால்தான் குளிரிலும் வெயிலிலும் பிளக்காமல் நிற்கிறது. நாற்காலி மேஜை வால்நட் மரம், சினார் இலை செதுக்கியது. இவற்றுக்கு நடுவே விக்டோரியா காலத்துப் பூப்போட்ட திரை, கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பை. அந்தக் கலவை எனக்குப் பிடிக்கும், சிலருக்குத் திகட்டும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு அப்படியே பின்பக்கம் போனால் ஒரு சிறிய படகு ஒட்டிக்கொண்டு நிற்கும். சமையல் அங்கேதான், வீட்டுக்காரர் குடும்பம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பழைய டூங்காவில் முன்னால் பயணி, பின்னால் குடும்பம் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கு மேலாகியும் மாறவில்லை.

ஆலப்புழையில் நாங்கள் தங்கிய படகு வீடும் இதே வகையா?
*– நாகர்கோவில் வாசகர்*

இல்லை, வேறு பரம்பரை. கேரளத்துக் கெட்டுவள்ளம் சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லையும் கயிறையும் கொப்பரையையும் காயல் வழியாகக் கொச்சிக்குக் கொண்டுபோனது. உங்கள் ஊரில் அயினி என்று சொல்கிற ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பாக்கியிருப்பார்கள். லாரி வந்ததும் சரக்கு போய்விட்டது, படகுகள் கரையில் கிடந்து மக்கின. 1990களின் தொடக்கத்தில் அவற்றுக்கு மூங்கில், பனம்பாய்க் கூரை போட்டு அறை வைத்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். அதாவது அங்கே படகு வேலையிழந்த பிறகு வீடானது. காஷ்மீரில் வீடாக இருந்ததுதான் விடுதியானது. இன்னொன்று, கேரளப் படகு நகரும், டீசல் எஞ்சின் போட்டுக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் உங்களைச் சுற்றிக் காட்டும். காஷ்மீர்ப் படகுக்கு எஞ்சினே கிடையாது. கரையிலிருந்து ஷிகாரா என்ற சிறு துடுப்புப் படகில் போய் ஏற வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவினர் தால் ஏரியில் தங்கியது உண்மையா?
*– சென்னை, ஒரு இசை ரசிகர்*

ஒருவர் தங்கினார். 1966ல் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் கற்றுக்கொள்ள இந்தியா வந்தபோது, பம்பாயில் ரசிகர் கூட்டம் தாங்காமல், பண்டிட் ரவிசங்கர் அவரைக் காஷ்மீருக்கு அழைத்துப் போய் ஹவுஸ்போட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மற்ற மூவரும் அப்போது வரவில்லை.

வேறு நாடுகளில் இப்படி உண்டா? தமிழ்நாட்டில் ஏன் இல்லை?
*– புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்*

உண்டு. 19ஆம் நூற்றாண்டில் எகிப்து போனவர்கள் கெய்ரோவில் தஹபியா என்ற பாய்மர வீட்டுப் படகை இரண்டு மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து நைல் நதியில் அஸ்வான் வரை போவார்கள். ஏறுவதற்கு முன் படகை ஒருமுறை முழுசாக மூழ்கடித்து எடுக்கச் சொல்லுங்கள், எலியும் பூச்சியும் ஒழியும் என்று அக்காலத்து வழிகாட்டி நூல்கள் புத்தி சொல்லின. நீராவிக் கப்பல் வந்ததும் தஹபியா ஒதுங்கியது. கெய்ரோ கரையில் மக்கள் குடியிருந்த படகு வீடுகளை 2022ல் அரசு அப்புறப்படுத்தியது, அங்கேயே வயதாகிப்போனவர்கள் அழுதுகொண்டே இறங்கினார்கள். வங்காளத்தில் ஜமீன்தார்களின் பஜ்ரா என்ற வீட்டுப் படகு. தாகூர் ஷிலைதஹாவில் பத்மா நதிமேல் படகிலேயே நிறைய நாள் இருந்திருக்கிறார்.

நம்மிடம் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் நீண்ட ஆறு இல்லை என்பதுதான் முதல் காரணம். இருந்த ஒரே நெடுவழி பக்கிங்காம் கால்வாய், மரக்காணம் பக்கத்திலிருந்து சென்னை வழியாக ஆந்திரக் கடற்கரையோரம் வரை. 1806ல் தொடங்கி, 1870களின் பஞ்சகாலத்தில் நிவாரண வேலையாக நீட்டித்தார்கள். உப்பும் விறகும் போனதோடு ஆட்களும் அதில் பயணம் செய்தார்கள். 1960களின் புயல்களுக்குப் பிறகு அது மண்மூடிப் போனது. சென்னைக்குள் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. புதுச்சேரிக்காரர் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், உங்கள் ஊருக்குச் சற்று வடக்கே வரை படகு வந்துகொண்டிருந்தது.

ஹவுஸ்போட்டுகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன என்று படித்தேன். ஏன்? அரசு காப்பாற்றாதா?
*– கோயம்புத்தூர், கல்லூரி மாணவி*

ஒரு காலத்தில் ஆயிரங்களில் இருந்தவை இன்று ஏறக்குறைய 900தான். இதற்குச் சட்டென்று எல்லோரும் சொல்லும் காரணம் கலவரம். 1989க்குப் பின் பல வருஷம் ஆளே வரவில்லை, படகுகள் காலியாகவே நின்றன, மறுக்கவில்லை. கடைசியாக 2025 ஏப்ரல் 22 பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதுவரை நிரம்பியிருந்த படகுகள் ஒரே வாரத்தில் காலியாகின. 2014 செப்டம்பர் வெள்ளம் வேறு. ஜீலம் கரை உடைந்து நகரமே மூழ்கியபோது பல படகுகள் கட்டறுத்துக்கொண்டு போய் நொறுங்கின.

ஆனால் ஆள் வராத படகு பிழைத்துக்கொள்ளும், மராமத்து செய்யாத படகு பிழைக்காது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1980களின் இறுதியிலிருந்தே புதிய படகுக்கு உரிமம் இல்லை. 2009ல் ஏரி மாசுபடுவது தொடர்பான வழக்கில் நீதிமன்றம் தலையிட, பழுதுபார்ப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. மரப் படகு கான்கிரீட் கட்டடம் அல்ல, பத்து வருஷம் கை வைக்காமல் பூட்டி வைக்க முடியாது. ஓர் அடிப்பலகை போனால் அந்தப் பருவத்திலேயே மாற்ற வேண்டும். விட்டால் பக்கத்துப் பலகையும் போகும், ஒருநாள் ராத்திரி படகு ஏரியின் அடியில் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்தவை நிறைய. உரிமமும் அதோடு தொலைந்த மாதிரிதான். 2021ல் வந்த கொள்கை அனுமதி பெற்றுப் பழுதுபார்க்க வழிவிட்டது. அது நல்ல விஷயம். ஆனால் தேவதாரு விலை, அனுமதிக்கு அலைச்சல், அடியைச் செப்பனிடத் தெரிந்த தச்சர்கள் அருகிப் போனது, எல்லாம் சேர்ந்து படகுக்காரரை உட்கார வைத்துவிடுகிறது. இன்று ஒரு படகைப் புதிதாகக் கட்டினால் செலவு கோடிக் கணக்கில் ஆகும் என்கிறார்கள். அந்தக் காசுக்கு நகரத்தில் ஓட்டலே கட்டிவிடலாம் என்று மகன் சொன்னால் அப்பா என்ன பதில் சொல்வார்?

தீ இன்னொரு எமன். உலர்ந்த தேவதாரு, நெருக்கமாகக் கட்டிய வரிசை. 2022 ஏப்ரலில் நகீன் ஏரியில் ஏழு படகுகள் எரிந்தன. 2023 நவம்பர் 11 அதிகாலை தால் ஏரியில் ஐந்து படகுகள் எரிந்து, வங்கதேசத்திலிருந்து வந்திருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். படகுகளுக்கு நடுவே இடைவெளியும், ஏரிக்குள்ளேயே தீயணைப்புப் படகும் இல்லாமல் இதைத் தடுக்க முடியாது.

என் கருத்தைக் கேட்டீர்களானால், இதைச் சுற்றுலாத் தொழிலாக மட்டும் பார்த்து மானியம் கொடுப்பது போதாது. ஒரு பழைய கோயில் மண்டபத்தின் தூண் சரிந்தால் தொல்லியல் துறை வந்து நிற்கிறது. கதம்பந்த் கூரையோடு நிற்கும் எண்பது வருஷப் படகுக்கு அந்த அக்கறை ஏன் கிடைக்கக் கூடாது? மரம் மானிய விலையில், அனுமதி ஒரே இடத்தில், தச்சுப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு பயிற்சி. இந்த மூன்றும் நடந்தால் மிச்சத்தை ஹாஞ்சிகள் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் அக்பரையே சமாளித்தவர்கள்.

தால் ஏரியை நாசம் செய்வதே இந்தப் படகுகள்தானே? அவற்றுக்கு ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?
*– மதுரை வாசகர்*

கழிவு ஏரிக்குள் போனது உண்மை, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும். ஏரியைச் சுற்றி வளர்ந்த நகரத்தின் சாக்கடை, மலைச்சரிவில் காடு அழிந்ததால் வந்து சேரும் வண்டல், கரையை மண் போட்டு மேடாக்கிய ஆக்கிரமிப்பு, இவற்றோடு ஒப்பிட்டால் 900 படகின் பங்கு சிறியது. படகுகளின் கழிவுக்குழாயைக் கரையிலுள்ள சாக்கடையோடு இணைக்கும் வேலை நடந்து வருகிறது, வேகமாக முடிய வேண்டும். மதுரையில் வண்டியூர்க் கண்மாய்க்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே படகு வீடு ஒன்றுகூட இல்லை.

எழுபது வயது தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகலாமா? சைவம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
*– திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி*

தாராளமாக, ஏப்ரல் முதல் அக்டோபருக்குள். ஷிகாராவிலிருந்து படகின் படிக்கு மாறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஷிகாரா ஆடும். முழங்கால் வலி இருந்தால் கரையோடு ஒட்டி, பலகைப் பாலம் போட்ட படகாகக் கேளுங்கள், நகீனிலும் ஜீலத்திலும் அப்படிக் கிடைக்கும். டீலக்ஸ், ஏ, பி என்று தரம் பிரித்திருப்பார்கள். போட்டோவை நம்பி முழுப்பணமும் கட்டாமல், முதல் நாளைக்கு மட்டும் கட்டிவிட்டு நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஷிகாராவில் கரைக்குப் போய்வருவது வாடகையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலான மனத்தாங்கல் இதில்தான் வருகிறது.

குளிர் இருந்தால் புகாரி என்கிற விறகு அடுப்பை அறையில் மூட்டுவார்கள். தூங்கப் போகும்போது அதை அணைக்கச் சொல்லுங்கள், ஒரு ஜன்னலை விரலளவாவது திறந்து வையுங்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். அறைக்குள் சாம்பிராணி, கொசுவர்த்தி, விளக்கு எதுவும் வேண்டாம். வெளியேறும் வழி எது என்று வந்தவுடன் பெற்றோருக்குக் காட்டிவிடுங்கள். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மத்தியானம் சோறும் ராஜ்மாவும், ஹாக் என்கிற கீரையும் கேளுங்கள், காரம் குறைவாக இருக்கும், வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். நத்ரு கட்டாயம் கேளுங்கள். அதே ஏரியில் எடுத்த தாமரைத்தண்டு. நாம் வற்றல் போட்டுப் பொரிப்பதை அவர்கள் பச்சையாகத் தயிரில் சமைக்கிறார்கள். ஊறுகாயும் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போனால், பின்படகில் சமைக்கிற அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்.